ஒரு கட்டை கீழே

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. உங்கள் உடம்பும் அண்ணி உடம்பும் எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மாப்பிள்ளைக்குத்தான் முதுகு இன்னும் நேராகவில்லை. இனிமேல் லாரியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் முழுவதும் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, நான் எதை எங்கே எடுத்து வைக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறார்.

போன் செய்தால் எப்போதும் அண்ணிதான் எடுக்கிறார். "அவர் வேலையில இருக்காரே" என்கிறார், இல்லாவிட்டால் "இப்பத்தான் வெளிய போனாரு" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில்கூடவா? அவ்வளவு பெரிய மனிதர் ஆகிவிட்டீர்களா? பேனாவைப் பிடித்து எத்தனையோ காலம் ஆயிற்று. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் அதற்கு நீங்கள்தான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பாடும் ஹோட்டலில் வாத்தியக்காரர்கள் மூன்று பேரையும் நிறுத்திவிட்டார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க மட்டும் பாடினா போதும்மா, வாத்தியத்தை டிஸ்க்கில ஓட விட்டுக்கலாம்" என்றார். டிஸ்க்குக்கு நான் எங்கே போவேன் என்று நினைத்தபோதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. நம் பழைய பாட்டுக் குழுவுக்காக நீங்கள் கீபோர்டில் ஒவ்வொரு வாத்தியமாக வாசித்துச் சேமித்து வைத்தீர்களே, அந்த மிடி கோப்புகள் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் அல்லவா? இங்கே ஹோட்டலில் மைக் செட் பார்க்கிற மைக்காரரிடம் கேட்டேன். "மிடியை எங்க மெஷின் எடுக்காதுங்க, ஆடியோவா மாத்திக் கொடுத்துடுங்க" என்றார்.

நான் பாடும் சாப்பாட்டு ஹாலுக்கு இப்போது வண்ணம் அடிக்கிறார்கள். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை திறக்கிறார்கள். அன்றைக்கு முதலாளியே வந்து உட்கார்ந்து கேட்பார். அவருக்குப் பிடித்தால் பாடும் வேலை எனக்கு. பிடிக்காவிட்டால் வாசலில் வரவேற்பு மேசை, பாதிச் சம்பளம். இந்த வீட்டில் இப்போது சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். உங்களிடம் சொல்வதற்கு என்ன, பயமாக இருக்கிறது.

பன்னிரண்டு பாட்டு போதும். என்னென்ன என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் வாயாடி

*

ஜூன் 19

வாயாடிக்கு அண்ணன் எழுதுவது.

நானும் உன் அண்ணியும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அதற்கு மேல் சுகம் என்று எதைச் சொல்வது? மாப்பிள்ளையைக் குப்புறப் படுத்தே உத்தரவு போடச் சொல். நிமிர்ந்தால் இன்னும் அதிகமாகிவிடும்.

போன் லைனில் ஒரே இரைச்சல். ஆள் வந்து பார்த்துவிட்டு, இது இனி சரியாகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எதுவாக இருந்தாலும் கடிதம் போடு.

கீபோர்டு வகுப்பை நிறுத்திவிட்டேன். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில், வெட்டும் மெஷின் பக்கம் மேற்பார்வை பார்க்கிறேன். அங்கே இருக்கிற சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. முஷ்டியைக் காட்டினால் நிறுத்து, உள்ளங்கையைக் காட்டினால் மெதுவாக. யாரும் யாரையும் "என்ன, என்ன?" என்று கேட்பதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. மைக்காரர் ஏன் மறுக்கிறார் என்று தெரிந்துகொள். மிடியில் சத்தமே கிடையாது. எந்த ஸ்வரம், எந்த வாத்தியம், எப்போது, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டும்தான். தையல்காரன் அளவு எழுதி வைத்த சீட்டு மாதிரி. சீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவில் போக முடியுமா? கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் துணி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறேன். அது சீட்டைப் பார்த்துத் தைத்துக் கொடுக்கும். வாசித்துக்கூடக் காட்டாது. அரை நிமிஷத்தில் ஒரு பாட்டு முடிந்து, திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு படம் வந்து நிற்கும். மேடு என்றால் சத்தம், நேர்கோடு என்றால் மௌனம்.

இதைப் போய் ஏதாவது கடையில் கொடுத்துவிடாதே. கண்டவன் கைவைத்தால் எனக்குப் பிடிக்காது. இந்த வேலையாவது என்னிடம் இருக்கட்டும். மழைப் பாட்டை மட்டும் முதலில் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்த்து எழுது.

அண்ணன்

*

ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே முதுகு அப்படியே இருக்கிறது, உத்தரவும் அப்படியே இருக்கிறது.

மழைப் பாட்டு வந்து சேர்ந்தது. ஹாலில் ஏணியும் வண்ண வாளியுமாகக் கிடந்தது. நடுவில் நின்று போட்டுக் கேட்டோம். சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர்கூடப் பிரஷை நிறுத்திவிட்டார். மைக்காரர் எதற்கும் வாய் திறக்காதவர். "வாசிச்சவருக்குக் கை இல்லைங்க, அது காது" என்றார். என்ன அர்த்தம் என்று கேட்டால் சிரிக்கிறார். உங்களைப் பாராட்டுகிறார் என்று நினைக்கிறேன். கர்வப்பட வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல். வாத்தியம் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது, தொண்டைதான் இல்லை. ஆறு கட்டை ஸ்ருதியில் அனாயாசமாகப் பாடியவள், இப்போது மேலே போனால் கதவுக் கீல் மாதிரி கீச்சிடுகிறேன். பன்னிரண்டு பாட்டையும் ஒரு கட்டை கீழே இறக்கித் தர முடியுமா? ஆறை ஐந்து ஆக்குங்கள். இதற்காகச் சிரிக்காதீர்கள். வயது உங்களுக்கும்தான் ஆகிறது.

இறக்கிய பிறகு ஒருமுறை நீங்கள் கேட்டுப் பாருங்கள். என் குரலுக்கு எது பொருந்தும் என்று எனக்கே தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

அண்ணியிடம் ஒருநாள் போனைப் பிடுங்கிப் பேசுங்கள். இரைச்சல் இருந்தால் இருக்கட்டும், நான் கத்திப் பேசுகிறேன்.

உங்கள் வாயாடி

*

ஜூலை 20

வாயாடிக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் கடிதம் பார்த்தேன். போனில் கத்த வேண்டாம், தொண்டையை மிச்சம் பிடி.

இறக்குவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பன்னிரண்டு பாட்டிலும் எல்லா வாத்திய வரிகளையும் மொத்தமாகப் பிடித்து, ஒரே இழுப்பில் ஒரு கட்டை கீழே இறக்கினேன். திரையில் கோடுகள் எல்லாம் அணிவகுப்பு மாதிரி சேர்ந்து இறங்கின. பிறகு ஆடியோ ஆக்கினேன். படங்களைப் பார்த்தேன், எங்கேயும் சத்தம் கூரையில் போய் முட்டவில்லை.

பன்னிரண்டையும் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். குறை ஒன்றுமில்லை. ரயில் பாட்டில் தாளம் எடுத்துக் கொடுக்கும் இடம் முன்பைவிட நன்றாகவே வந்திருக்கிறது. உன் குரலுக்குப் பொருந்தும்.

அதே டிஸ்க்கில் மிடி மூலங்களையும் போட்டிருக்கிறேன். என் கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது, ஒரு பிரதி உன்னிடம் இருப்பது நல்லது. மற்றபடி அதை யாரும் தொட வேண்டாம்.

உன் அண்ணி மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறாள். மாப்பிள்ளை முதுகுக்கு ஏதோ தைலம் அனுப்புகிறாளாம். தடவிவிட்டு உன் பாட்டுக்கு வேலையைப் பார். உத்தரவைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

அண்ணன்

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

இதை வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் மருந்துக் கடைக்கு அனுப்புகிறேன். பயப்படாதீர்கள், இங்கே யாருக்கும் எதுவும் இல்லை. தைலம் கிடைத்தது. வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்கிறார் இவர்.

அண்ணன் அனுப்பிய டிஸ்க் வந்து மூன்று வாரம் ஆகப் போகிறது. அவருக்கு இன்னும் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அதைப் போட்ட அன்று நானும் மைக்காரரும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். பாட்டு தொடங்கியதும் 'கிணிங், கிணிங்' என்று மணி அடிக்கிறது. பெரிய டிரம் 'தொம்' என்று விழ வேண்டிய இடத்தில் எல்லாம் சைக்கிள் மணி. மெல்லச் சலங்கை மாதிரி ஓட வேண்டிய இடத்தில் படபடவென்று கொட்டு. பன்னிரண்டு பாட்டும் அப்படியே. அண்ணன் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். உண்மை டிஸ்க் இன்னொரு தபாலில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

பிறகு மைக்காரர் தனக்குத் தெரிந்தவர் கம்ப்யூட்டரில் மூலக் கோப்பைத் திறந்து பார்த்துச் சொன்னார். எல்லா வாத்தியத்தையும் இறக்கும்போது தாள வரியையும் சேர்த்து இறக்கிவிட்டாராம். தாள வரியில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒவ்வொரு கொட்டு. அதை மட்டும் தொடாமல் விட வேண்டும். இறக்கினால் டிரம் மணியாகிவிடும், தாளத் தட்டு டிரம்மாகிவிடும். மறதியில் யாருக்கும் நடக்கும் என்றார். "ஆனா ஒரு தடவை ஓட விட்டிருந்தா அடுத்த நொடி தெரிஞ்சிருக்குமேங்க. கேட்டவர் இதை அனுப்ப மாட்டார்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தாள வரியை மட்டும் மேலே ஏற்றி, எல்லாவற்றையும் திரும்ப ஆடியோ ஆக்கிக் கொடுத்துவிட்டார். இப்போது பாட்டுகள் சரியாக இருக்கின்றன. என் வேலைக்கு ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

பன்னிரண்டையும் உட்கார்ந்து கேட்டேன் என்று அண்ணன் எழுதியிருக்கிறார். ரயில் பாட்டில் தாளம் நன்றாக வந்திருக்கிறதாம். அந்த இடத்தில்தான் மணி அதிகம்.

அண்ணி, அண்ணனுக்குக் காது கேட்கிறதா?

உங்கள் நாத்தனார்

*

ஆகஸ்ட் 25

நாத்தனாருக்கு அண்ணி எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும். தைலம் தீர்ந்தால் எழுது, இங்கே விலை குறைத்துத் தருவார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதக் கூடாது என்று உன் அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். அதனால் நான் எழுதவில்லை.

இங்கே வேறு விசேஷம் இல்லை. வாசலில் யார் வந்தாலும் நான்தான் கதவைத் திறக்கிறேன். டிவியில் செய்தியை அவர் எழுத்து ஓடும் சேனலில் பார்க்கிறார். நான் முதுகுக்குப் பின்னால் நின்று பேசுவதை விட்டுவிட்டேன். முன்னெல்லாம் அடுப்படியிலிருந்து கத்துவேன், இப்போது ஒவ்வொன்றுக்கும் கூடத்துக்கு நடக்கிறேன். நல்லது, உடம்பு இளைத்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். நானும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கூட நிற்கிறேன்.

நீ அனுப்பச் சொன்ன பாட்டுகளைச் செய்த அந்த நாட்கள் அவர் முகம் முகமாக இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுவார். ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கியே வைத்திருந்தார். நான் ஒருநாள் சொருகினேன். திரும்பப் பிடுங்கினார். நான் கேட்டுவிடுவேன் என்று பயமோ என்னவோ. கேட்டிருந்தால் மணி அடிப்பதை நான் சொல்லியிருப்பேன்.

எனக்கு அழுகை வருவதில்லை. முதலில் வந்தது. இப்போது சாமான் கழுவுகிற மாதிரி இதுவும் ஒரு வேலை.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். டிஸ்க் நன்றாக இருந்தது என்று அவருக்கு எழுதிவிடு.

அண்ணி

*

செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? இங்கே நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இவரை டாக்டரிடம் கூட்டிப் போவதும் வருவதுமாக இருந்தேன்.

டிஸ்க் கிடைத்தது. பன்னிரண்டு பாட்டும் நன்றாக இருக்கின்றன. கட்டை சரியாகப் பொருந்துகிறது. தினமும் மாலையில் பாடிப் பார்க்கிறேன். ஹாலுக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை

*

செப்டம்பர் 14

வாயாடிக்கு,

உன் கடிதம் தபால்காரன் கடனுக்கு எழுதிக் கொடுத்தது மாதிரி இருக்கிறது. பாட்டைப் பற்றி நான்கு வரி. ஹாலைப் பற்றி ஒரு வரி. எங்கே போயிற்று உன் வாய்? மாப்பிள்ளைக்கு உடம்பு அதிகமா? மறைக்காமல் எழுது.

சரி, நேரில் பார்த்துக்கொள்கிறேன். தொழிற்சாலையில் இரண்டு நாள் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். கடைசிச் சனிக்கிழமைப் பாட்டுக்கு நானும் அண்ணியும் முதல் நாளே வருகிறோம். நீ பாடுவதைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று! நான் போட்ட வாத்தியம், நீ பாடுகிற பாட்டு, முதலாளி எப்படி வேண்டாம் என்று சொல்கிறார் பார்க்கலாம். மேடைக்குப் பக்கத்து மேசையாகச் சொல்லி வை.

மேடைப் பயம் இருந்தால் என்னைப் பார்த்துப் பாடு, முன்பு செய்வாயே அப்படி. நான் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பேன்.

இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

அண்ணன்

*

அக்டோபர் 6

வாயாடிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் அண்ணிக்குத்தான் தலை சுற்றல், இப்போது தேவலை. உன் வீட்டில் இரண்டு நாளும் யாரையும் பேச விடாமல் நானே பேசிக்கொண்டிருந்தேன் என்று அண்ணி குறைபட்டுக்கொண்டாள். நெடுநாள் கழித்துப் பார்த்தால் அப்படித்தான் வரும். மாப்பிள்ளை ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லையே?

அன்றைக்கு நீ பாடியதைப் பற்றி நேரில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. உன்னை மேலாளர் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். நாங்கள் அன்றிரவே பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை நீ வெளியே வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் இரண்டு பாட்டின்போது சாப்பிட வந்தவர்கள் சாப்பாட்டில்தான் கண்ணாக இருந்தார்கள். அது ஹோட்டல் வழக்கம். மூன்றாவதாக மழைப் பாட்டு. நீ முதல் சரணம் முடித்து, என்னைப் பார்த்தாய். நான் தாளம் போட்டுக்கொண்டே தலையாட்டினேன். இரண்டாவது சரணம் தொடங்கினாய் பார், ஹால் அப்படியே நின்றுவிட்டது! பரிமாறுகிறவர் தட்டும் கையுமாக அசையாமல் நின்றார். ஓரத்து மேசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். ஓர் அம்மாள் தன் வீட்டுக்காரர் தோளைத் தொட்டு உன்னைக் காட்டினாள். முதலாளி நாற்காலியில் முன்னால் சாய்ந்து, கண் எடுக்காமல் உன்னையே பார்த்தார். நானும் எத்தனையோ மேடை பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டு ஒரு கூட்டத்தை அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை. முடிந்ததும் நான்தான் முதலில் கைதட்டினேன். பிறகுதான் மற்றவர்களுக்கு உணர்வே வந்தது.

பெருமையாக இருந்தது என்று எழுத வேண்டும். இருந்தது என்றுதான் நினைக்கிறேன். கொஞ்ச காலமாக எனக்கு எதுவும் சட்டென்று உறைப்பதில்லை. ஊருக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் மெல்ல உறைத்தது.

மைக்காரர் அன்றைக்குப் பதிவு செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு பிரதி வாங்கி அனுப்பு. மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும். முதலாளி என்ன சொன்னார் என்றும் எழுது.

அண்ணன்

*

அக்டோபர் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்குத் தலை சுற்றல் முழுவதும் போய்விட்டதா? இங்கே இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நீங்கள் பேசியதைப் பற்றி யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

முதலாளி கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. நான் தினமும் ஹோட்டலுக்குப் போய் வருகிறேன்.

நீங்கள் கேட்ட பதிவு இத்துடன் இருக்கிறது. மைக்காரரின் மெஷினில் என் மைக் ஒரு பக்கமும் வாத்தியம் மறுபக்கமுமாகத்தான் பதிவாகுமாம். ஹெட்போன் போட்டால் ஒரு காதில் நான், மறு காதில் நீங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பஸ்ஸில் ஏற்றிவிட வர முடியவில்லை என்று வருத்தமாக இருந்தது.

உங்கள் தங்கை

*

நவம்பர் 29

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதிவு வந்து ஒரு மாதம் ஆகிறது. வந்த அன்றே கம்ப்யூட்டரில் திறந்துவிட்டேன். எழுதத்தான் கை வரவில்லை.

திரையில் இரண்டு வரி வந்தது. மேல் வரி உன் குரல், கீழ் வரி வாத்தியம். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, இரண்டு வரியிலும் மேடும் பள்ளமும் சரியாக இருந்தன. நீ மூச்சு எடுக்கும் இடம்கூடத் தெரிந்தது. மழைப் பாட்டில் முதல் சரணம்வரை இருந்தது. அதற்குப் பிறகு மேல் வரியில் ஒன்றுமில்லை. கோடு. இரண்டாவது சரணம் முழுக்க, பல்லவி திரும்பி வந்து பாட்டு முடியும்வரை ஒரே நேர்கோடு. கீழே வாத்தியம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

மைக் வயர் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழன்றிருந்தால் கோடு செத்துக் கிடக்கும். இது சாகவில்லை. பொடிப் பொடியாக ஹாலின் இரைச்சல் தெரிகிறது. மைக் வேலை செய்திருக்கிறது. நீதான் பாடவில்லை.

ஆனால் நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசைந்துகொண்டிருந்தது. கடைசி வரிவரை அசைந்தது, ஒரு சொல் தவறவில்லை.

பிறகு இன்னொன்றையும் பார்த்தேன். கீழ் வரியை நான் உனக்கு அனுப்பிய ஆடியோவோடு வைத்துப் பொருத்தினேன். மேடுகள் பொருந்தவில்லை. அது நான் செய்தது இல்லை. யாரோ திரும்பச் செய்திருக்கிறார்கள். அப்படியென்றால் நான் அனுப்பியதில் ஏதோ பெரிய தப்பு இருந்திருக்கிறது. பன்னிரண்டு பாட்டையும் கேட்டேன் என்று நான் எழுதிய புளுகு உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அந்த ஹாலில் அத்தனை பேரும் உன்னை ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று இப்போது புரிகிறது. அதை உனக்கு நானே வர்ணித்து வேறு எழுதியிருக்கிறேன்.

எனக்குக் காது கேட்கவில்லை. போன வருடம் ஒருநாள் காலையில் எழுந்தபோது இடது பக்கம் இல்லை. அந்த வருடம் முடிவதற்குள் வலது பக்கமும் போய்விட்டது. வலி ஒன்றும் இருக்கவில்லை. நரம்பு போய்விட்டது, திரும்பாது என்று டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கோபம் வரும் என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை. இன்றுவரை அப்படியே இருக்கிறது. வீட்டில் இவளுக்குத் தெரியும். உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். உனக்கு நான் பாட்டுக்காரன். அது ஓர் இடத்திலாவது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

எழுதியாயிற்று. இனி நீ எழுது. நான் என்ன தப்பு செய்தேன்? ஏன் பாடவில்லை? உன் வேலை என்ன ஆயிற்று? ஹோட்டலுக்குத் தினமும் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதை நான் நம்பவில்லை.

அண்ணன்

*

டிசம்பர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து படித்தேன். இப்போது என் இடம் அதுதான். ஹோட்டலுக்குத் தினமும் போகிறேன் என்று எழுதியது பொய் இல்லை.

பாடும் வேலை போயிற்று. முதலாளி நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. "வாத்தியம் ஓடுது, நீங்க வாயை அசைக்கறீங்க, சத்தம் வரல. சாப்பிட வந்தவங்க நாம ஏமாத்தறோம்னு நினைப்பாங்களே அம்மா" என்றார். நியாயம்தான். மீதி ஒன்பது பாட்டையும் கடனே என்று பாடினேன், அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஹாலில் இப்போது பாட்டுக்காரர் யாரும் இல்லை. உங்கள் வாத்தியத்தை மட்டும் குரல் இல்லாமல் ஓட விடுகிறார்கள். மேசையிலிருந்து எனக்குக் கேட்கிறது. யாரும் குறை சொல்லவில்லை.

உங்கள் தப்பு சின்னத் தப்பு. தாள வரியையும் சேர்த்து ஒரு கட்டை இறக்கிவிட்டீர்கள். டிரம் விழும் இடத்தில் மணி அடித்தது. மைக்காரர் அதை மட்டும் ஏற்றிச் சரிசெய்தார். இதைப் படித்ததும் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

பதிவை அனுப்பும்போது படம் என்ற ஒன்று இருப்பது என் புத்தியிலேயே இல்லை. உங்களுக்குத்தான் கேட்காதே என்று தைரியமாக அனுப்பினேன். இதை எழுதவே கூசுகிறது. நீங்கள் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்துதான் மேடை ஏறினேன். பாடிவிடலாம் என்றுதான் இருந்தேன். முதல் சரணம் முடிந்து உங்களைப் பார்த்தேன். நீங்கள் என் வாயைப் பார்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் சரணத்தை முடித்து வாயை மூடியதும் உங்கள் விரல் எங்கே அடிப்பது என்று தெரியாமல் ஒரு கணம் மேசைக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு குத்துமதிப்பாக அடித்தது. வாத்தியம் ஓரிடத்தில், உங்கள் விரல் இன்னோரிடத்தில். நீங்கள் சிரித்தபடி தலையாட்டினீர்கள். நம் குழுவில் யாராவது அரை மாத்திரை தவறினால்கூட முறைத்துப் பார்ப்பீர்களே அண்ணா. என் பாட்டு அதோடு நின்றுவிட்டது. முழுங்கிப் பார்த்தேன், குரல் வரவில்லை.

நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்து, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி மறுபடி தொடங்கியிருந்தால் வேலை பிழைத்திருக்கும் என்கிறார் மைக்காரர். வீட்டில் இவரும் படுத்துக்கொண்டே அதைத்தான் சொல்கிறார். நான் நிறுத்தியிருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏன் நிறுத்தினாள் என்று அண்ணியைக் கேட்டிருப்பீர்கள். அத்தனை பேர் நடுவில் அண்ணி உங்களுக்கு அதைக் கையால் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதனால் வாயை அசைத்தேன். வேலை அப்போது என் ஞாபகத்திலேயே இல்லை, அண்ணா.

உங்கள் தங்கை